மாத்தளைக் குசினியும் வீட்டைச் சுற்றிய மண்ணும்

இலங்கையில் மிளகு அதிகம் விளையும் மாவட்டங்களில் மாத்தளையும் ஒன்று. கராம்பு, சாதிக்காய், கொக்கோ, ஏலம், வனிலா என்று கப்பலேறும் பயிர்களில் பல இங்கே வீட்டுக் கொல்லையிலேயே காய்க்கின்றன. ஏற்றுமதி விவசாயத் திணைக்களம் தன் மத்திய ஆராய்ச்சி நிலையத்தை மாத்தளையில் வைத்திருப்பதற்குக் காரணம் தேட வேண்டியதில்லை. தம்புள்ளையிலிருந்து நாலந்தா வழியாக மாத்தளைக்கு வரும் ஏ9 வீதியின் இரு பக்கமும் சுற்றுலாப் பயணிகளை அழைக்கும் வாசனைத் திரவியத் தோட்டங்களின் பலகைகள் நெருக்கமாக நிற்கும். அந்த வீதியை விட்டு விலகி மலைப்பக்கம் ஏறினால் றத்தோட்டை, கந்தேநுவர, எல்கடுவ தோட்டங்கள். அங்கே தொழிலாளர் வரிசைக் குடியிருப்பான லயத்துக் குசினியில் விடிவதற்கு முன்பே கோதுமை மா ரொட்டி வேகத் தொடங்கிவிடும். தொட்டுக்கொள்ள இடித்த சம்பல்: செத்தல் மிளகாய், வெங்காயம், உப்பு, கையில் காசிருந்தால் கொஞ்சம் மாசி. குடிக்க வெறுந்தேத்தண்ணி.

அடிவாரத்துக் கிராமத்தில் அதே வேளையில் என்ன நடக்கிறது? வல்லாரையோ முடக்கொத்தானோ பறித்து இடித்து இலைக்கஞ்சி காய்ச்சுகிறார்கள். பகலுக்குச் சிவப்பரிசிச் சோறு, பலாக்காய்க் கறி, ஒரு கீரைச் சுண்டல், பருப்பு, கருவாடு. எல்லா வீட்டிலும் எல்லா நாளும் இப்படி இல்லை. ஆனால் இப்படிச் சமைக்க வேண்டும் என்று நினைத்தால் அதற்கு வேண்டிய பொருளில் பாதி கைக்கெட்டும் தூரத்தில் உண்டு. ஒரே மாவட்டத்தில், ஒரே மழையில், சில மைல் இடைவெளியில் இரண்டு சாப்பாடு எப்படி வந்தது என்று பார்த்தால், முழுப்பொருளைக் கொண்டு வீட்டில் சமைப்பது பற்றி இன்று பேசப்படும் பல பேச்சுகள் ஒரு கால் இல்லாமல் நொண்டுவது தெரியும்.

அந்தப் பேச்சு எங்கிருந்து வருகிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பிரேசிலின் சாவோ பாவுலோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்லோஸ் மொன்தேய்ரோ 2009 அளவில் உணவுகளைச் சத்துக்கணக்கை வைத்துப் பிரிக்காமல், ஆலையில் எவ்வளவு தூரம் உருமாறின என்பதை வைத்துப் பிரித்தார். நோவா என்று அதற்குப் பெயர். தானியம், காய், கனி, முட்டை, மீன் முதல் வகை. எண்ணெய், உப்பு, சீனி போன்ற சமையல் துணைப்பொருள் இரண்டாவது. பாணும் டின் மீனும் மூன்றாவது. பொதியில் வரும் நூடில்ஸ், மென்பானம், பிஸ்கட் வகையறா நான்காவது. 2014இல் பிரேசில் அரசு தன் உணவு வழிகாட்டியை இந்தப் பாகுபாட்டின் மேலேயே எழுதியது. 2019இல் அமெரிக்கத் தேசியச் சுகாதார நிறுவகத்தில் கெவின் ஹோல் 20 பேரை ஆய்வகத்திலேயே தங்க வைத்து, இரண்டு வாரம் ஆலை உணவும் இரண்டு வாரம் முழுப்பொருள் உணவும் கொடுத்துப் பார்த்தார். தட்டில் வைத்த சத்து இரண்டிலும் சமம். விரும்பிய மட்டும் சாப்பிடலாம். ஆலை உணவு தின்ற நாட்களில் ஆளுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 500 கலோரி கூடுதலாக உள்ளே போனது. உடல் எடையும் ஏறியது. இந்த ஆய்வைப் பலரும் மேற்கோள் காட்டுகிறார்கள். அதே ஆய்வறிக்கையில் உள்ள இன்னொரு கணக்கை அவ்வளவு பேர் காட்டுவதில்லை. நாளுக்கு 2,000 கலோரி வீதம் ஒரு வாரத்துக்கு ஆலை உணவின் மூலப்பொருளுக்கு 106 டொலர் செலவானது. முழுப்பொருளுக்கு 151 டொலர். சமைத்தவர்களின் கூலி இதில் சேரவில்லை.

மாத்தளைக் கிராமத்துக்காரர் அந்த 45 டொலர் வித்தியாசத்தை எப்படிச் சமாளிக்கிறார்? பெரும்பாலானவற்றுக்கு அவர் கடைக்கே போவதில்லை என்பதுதான் விடை. கண்டி, மாத்தளை, குருநாகல் பகுதிகளில் வீட்டைச் சுற்றி அமையும் தோட்டத்தைக் கண்டிய வீட்டுத்தோட்டம் என்பார்கள். பேராதனைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பல பத்தாண்டுகளாகப் படித்துவரும் விஷயம் இது. உயரத்தில் தென்னை, பலா, கமுகு. அதற்குக் கீழே சாதிக்காய், கராம்பு, ஈரப்பலா, மா, கொறுக்காய். அதற்கும் கீழே கோப்பி, வாழை, முருங்கை, எலுமிச்சை. தரையில் மரவள்ளி, வள்ளிக்கிழங்கு, இஞ்சி, மஞ்சள், வல்லாரை, ரம்பை. கிளிரிசிடியா மரத்தில் மிளகுக்கொடி ஏறி நிற்கும். அந்த மரத்தின் இலை பசளையாகும், ஆட்டுக்குத் தீனியாகும், வெட்டிய கிளை காய்ந்தால் விறகு. பார்ப்பவருக்கு இது காடு. உள்ளே போனால் ஒவ்வொரு மரத்துக்கும் சமையலறையில் ஒரு வேலை இருப்பது விளங்கும். மிளகும் சாதிக்காயும் விற்பனைக்குப் போகின்றன. அந்தக் காசில் அரிசியும் உப்பும் கருவாடும் வருகின்றன. மற்றது கொல்லையிலேயே நிற்கிறது. கடையில் வாங்கும் பட்டியல் குறுகக் குறுக முழுப்பொருள் சமையல் தானாகவே நடக்கும். அதற்கென்று தனி விரதம் வேண்டியதில்லை.

பிஞ்சுப் பலாக்காய்க் கறியை எடுத்துக்கொள்வோம். போலோஸ் என்று சிங்களத்தில் சொல்வதை மாத்தளைத் தமிழரும் அப்படியே சொல்கிறார்கள். சுளை பிரியாத பருவத்தில் பறிக்க வேண்டும். ஒரு வாரம் தாமதித்தால் கொட்டை முற்றிவிடும், அப்புறம் அது வேறு கறி. கைக்கும் கத்திக்கும் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டு தோலைச் சீவ வேண்டும், இல்லாவிட்டால் பால் ஒட்டி அன்று முழுக்கப் போகாது. பெரிய துண்டாக வெட்டி மண்சட்டியில் போட்டு, ஊறவைத்து அரைத்த கொறுக்காய்ப்புளி, வறுத்த கறித்தூள், மிளகாய்த்தூள், மஞ்சள், கறுவாப்பட்டை, ரம்பை, கறிவேப்பிலை, உள்ளி சேர்த்துப் பிசறுவார்கள். இரண்டாம் மூன்றாம் முறை பிழிந்த தேங்காய்ப்பாலை முதலில் ஊற்றி அவியவிடுவது, முதற்பால் கடைசியில். வறுத்த தூள் என்பது கொத்தமல்லி, சீரகம், பெருஞ்சீரகம், வெந்தயம், மிளகு, கொஞ்சம் அரிசி எல்லாவற்றையும் கரும்பழுப்பாகும்வரை வறுத்து இடித்தது. மரக்கறிப் பால்கறிக்கு வறுக்காத தூள், இறைச்சிக்கும் போலோசுக்கும் வறுத்த தூள் என்பது பொதுவழக்கம். சட்டியை இரவு முழுக்கத் தணலில் விட்டுவிடுவோரும் உண்டு. காலையில் துண்டு கருஞ்சிவப்பாகி, நார் நாராகப் பிரிந்து, இறைச்சி என்று சொல்லிப் போட்டால் நம்பிவிடும்படி இருக்கும். இந்தச் சட்டிக்குள் காசு கொடுத்து வாங்கிய பொருள் என்று பார்த்தால் உப்பு, மிளகாய், உள்ளி, கொத்தமல்லி, சீரக வகைகள், வெந்தயம், கொஞ்சம் அரிசி. மஞ்சளைக்கூட, 2019 இறுதியில் இறக்குமதி தடைப்பட்டு விலை ஆகாயத்துக்கு ஏறியபின், பலர் கொல்லையில் நட்டுக்கொண்டார்கள்.

பலாவின் கதை இந்த மலைநாட்டில் பழையது. 1660இல் பிடிபட்டுப் பத்தொன்பது ஆண்டு கண்டி இராச்சியத்தில் கைதியாக இருந்த ஆங்கிலேயர் றொபேர்ட் நொக்ஸ், 1681இல் வெளியான தன் நூலில் பலாக்காயைப் பிஞ்சு, காய், பழம் என்று மூன்று பருவத்திலும் சனங்கள் தின்பதை எழுதியிருக்கிறார். சோற்றுக்கு மாற்றாக அது வயிற்றை நிரப்பியதையும் அவர் பார்த்தார். இன்றும் முற்றிய சுளையை அவித்து வெயிலில் உலர்த்தி வைப்பதும், கொட்டையை மணலில் புதைத்துப் பல மாதம் காப்பதும் கிராமங்களில் உண்டு. 1915 சிங்கள–முஸ்லிம் கலவரத்தையொட்டி பிரித்தானியரிடம் சிறைப்பட்டு மீண்ட ஆதர் வி. டயஸ், பின்னர் நாடெங்கும் பலாக்கன்று நடும் இயக்கம் நடத்தி ‘கொஸ் மாமா’ (பலா மாமா) என்றே பெயர் பெற்றார். உணவு முடக்கம் வந்தால் பலாவைக் கொண்டு சனம் பிழைக்கும் என்பது அவர் கணக்கு. 1951ஆம் ஆண்டின் மரம் வெட்டல் கட்டுப்பாட்டுச் சட்டம் பலாவையும் ஈரப்பலாவையும் அனுமதியின்றி வெட்டக் கூடாது என்று வைத்தது. சொந்த நிலத்தில் நிற்கும் மரத்துக்கே அரச அனுமதி தேவை என்ற அளவுக்கு ஒரு சமையல் பொருளை மதித்த சட்டம் உலகில் அதிகம் இராது.

மாவட்டத்தின் வடகிழக்கில் நிலைமை வேறு. நக்கிள்ஸ் மலைத்தொடரின் மறுபக்கம் இறங்கும் லக்கல, வில்கமுவப் பகுதிகள் உலர் வலயத்தைச் சேர்ந்தவை. அங்கே காட்டை வெட்டி எரித்துச் செய்யும் சேனைப் பயிர்: குரக்கன், சோளம், எள்ளு, பயறு, கௌபி, பூசணி. குரக்கன் மாவில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 340 மில்லிகிராம் கல்சியம் உண்டு. வெள்ளைக் கோதுமை மாவில் அது 20ஐத் தாண்டுவது அபூர்வம். சேனைக்காரர் இந்தக் கணக்குத் தெரிந்து குரக்கன் ரொட்டி சுடவில்லை. மழையை மட்டும் நம்பிய மண்ணில் அதுதான் நின்றது. இன்றைக்குக் குரக்கன் மா பட்டணத்துக் கடைகளில் நீரிழிவுக்காரர் உணவு என்ற பெயரில் அழகான பொதியில் நல்ல விலைக்குப் போகிறது. சேனைக்குக் காடு விட முடியாத காலத்தில் கிராமத்தார் தட்டில் அது குறைந்துகொண்டே வருகிறது.

தம்புள்ளையைச் சொல்லாமல் மாத்தளைச் சமையலைப் பேச முடியாது. 1999இல் தொடங்கிய தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையம் நாட்டின் மரக்கறி மொத்தச் சந்தைகளில் தலையாயது. நுவரெலியாவின் கரட்டும் லீக்சும், யாழ்ப்பாணத்து வெங்காயமும், சுற்றிலுமுள்ள கலேவெல, தம்புள்ளை வயல்களின் பெரிய வெங்காயமும் அங்கே இறங்கி, மறுபடி ஏறி நாடெங்கும் போகின்றன. அறுவடைக்குப் பின் வீணாகும் மரக்கறி மூன்றில் ஒரு பங்கைத் தொடும் என்று பொதுவாக மதிப்பிடுகிறார்கள். சாக்கில் அழுத்திக் கட்டி லொறியில் அடுக்கும் முறையைப் பார்த்தவர்களுக்கு அதில் ஆச்சரியம் இராது. முழுப்பொருள் என்றாலே தூய பொருள் என்று நினைத்துக்கொள்வதும் வேண்டாம். தம்புள்ளைக்கு வரும் கத்தரிக்காய் எந்த ஆலைக்குள்ளும் போகாதது; ஆனால் அதன்மேல் தெளித்த மருந்து ஆலையிலிருந்துதான் வந்தது.

இனி லயத்துக்கு வருவோம்.

கோப்பித் தோட்டக் காலத்தில் தென்னிந்தியாவிலிருந்து வந்தவர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காடு வழியே தம்புள்ளை, நாலந்தா தாண்டி மாத்தளைக்கு நடந்தார்கள். வழியில் வாந்திபேதியிலும் மலேரியாவிலும் விழுந்தவர்கள் ஆயிரக்கணக்கில். மலைநாட்டின் வாசல் அன்று மாத்தளைதான். கண்டியிலிருந்து இரயில் பாதை வந்ததே 1880இல். வந்தவர்களின் ஊரில் கம்பும் கேழ்வரகும் சோளமும் சாமையும் இருந்தன. தோட்டத்தில் அவர்களுக்குக் கிடைத்தது துரை இறக்குமதி செய்து அளந்து கொடுத்த அரிசி. அதன் விலை சம்பளத்தில் கழிந்தது. எதை உண்பது என்ற முடிவு அன்றே குசினியை விட்டுக் கணக்கப்பிள்ளையின் பேரேட்டுக்குப் போய்விட்டது. புன்செய்த் தானியம் உண்ட ஒரு சமூகம் ஒன்றிரண்டு தலைமுறையில் அதை மறந்ததற்கு நாக்கைக் குறைசொல்லிப் பயனில்லை.

கோதுமை மா வந்தது அதற்குப் பின்பு. 1942இல் பர்மா யப்பானியர் வசமானதும் இலங்கைக்கு வந்துகொண்டிருந்த பர்மிய அரிசி நின்றது. பங்கீட்டில் கோதுமை மா நுழைந்தது. யுத்தம் முடிந்தும் அது போகவில்லை. பின்னாளில் அமெரிக்க உதவித் திட்டத்தில் வந்த மாவும், 1980இல் திருகோணமலையில் இயங்கத் தொடங்கிய பிரிமா ஆலையும் அதை நிலையாக்கின. கோதுமை விளையாத நாட்டில் மலையகத்தின் அன்றாட உணவே கோதுமையாகிவிட்டது. நடுவே 1973, 1974 ஆண்டுகளில் பங்கீடு வெட்டப்பட்டு அரிசியும் மாவும் அருகியபோது, தோட்டங்களில் பட்டினிச் சாவு நேர்ந்தது. கிராமத்தார் பலாவையும் மரவள்ளியையும் தோண்டியும் பறித்தும் தின்று அந்தக் காலத்தைக் கடந்தார்கள். லயத்தாருக்குத் தோண்டவோ பறிக்கவோ சொந்தமாக ஓர் அடி நிலமில்லை.

ரொட்டி ஏன் நிலைத்தது என்பதற்குச் சமையலுக்குள்ளேயே காரணம் உண்டு. வேலைக்குப் பெயர் பதியும் காலைப் பெரட்டுக்குப் போக வேண்டிய பெண் அதற்கு முன் எழுந்து காலைச் சாப்பாட்டையும் பகல் சாப்பாட்டையும் முடிக்க வேண்டும். சோறு என்றால் கறி வேண்டும். கறி என்றால் தேங்காய் திருவ, பால் பிழிய, மரக்கறி வெட்ட நேரம் வேண்டும். மாவைப் பிசைந்து ரொட்டி தட்ட அரை மணி போதும். ஒரு அடுப்பு, ஒரு கல். துணியில் சுற்றிக் கொழுந்து மலைக்குக் கொண்டுபோகலாம். கெடாது, சிந்தாது, பசி தாங்கும். பத்தடிக்குப் பன்னிரண்டடி லயக்காம்பராவில், முன்வாசலை மறைத்துக் கட்டிய குசினியில், இதைவிடக் கெட்டிக்காரத்தனமான தெரிவு இருந்திருக்க முடியாது.

இங்கேதான் நோவாப் பாகுபாடு தடுமாறுகிறது. அதன்படி கோதுமை மா முதல் வகை. உப்பும் எண்ணெயும் இரண்டாவது வகை. செத்தல் மிளகாயும் வெங்காயமும் முழுப்பொருள். லயத்து ரொட்டியும் சம்பலும் ஆக, மேலைநாட்டு வழிகாட்டி எதிலும் பாராட்டுப் பெறக்கூடிய சமையல்: அன்றன்று, வீட்டில், கையால் பிசைந்து, இடித்துச் செய்தது. கொழும்பில் கடைச் சாப்பாடு பெருகிவிட்டது என்று வருந்துகிறவர்கள் இங்கே வந்து பார்த்தால், மலையகப் பெண்ணைவிட விடாமல் வீட்டுச்சமையல் செய்கிறவர் நாட்டில் இல்லை என்பார்கள். ஆனால் 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார அளவையில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள் நாடளாவிய கணக்கில் 17 வீதம். தோட்டப்பகுதியில் 32 வீதம். பத்தாண்டுக்கு முந்திய அளவையில் தோட்டப்பகுதிக் கணக்கு 40 வீதமாக இருந்தது. குறைந்திருக்கிறது, உண்மை. ஆனால் அப்போதும் மூன்றில் ஒரு பிள்ளை வளர்ச்சி குன்றியது என்றால், ‘வீட்டில் சமையுங்கள்’ என்ற புத்திமதியை எந்த முகத்தோடு அங்கே கொண்டுபோவது? ஏட்டுச் சுரைக்காய் என்று முன்னோர் சொன்னது இதைத்தான்.

வளர்ச்சி குன்றுவதற்குத் தாயின் உடல்நிலை, குடிநீர், மலசலகூடம், தோட்டத்துப் பிள்ளைக் காப்பகமான பிள்ளைக்காம்பராவின் தரம் என்று பல காரணம் உண்டு. தட்டு மட்டுமே காரணமில்லை. ஆனால் தட்டில் என்ன குறை என்பதும் தெளிவு. மாவு ஆலையிலிருந்து வந்தது என்பது பெரிய குறையில்லை. அதன் பக்கத்தில் வேறொன்றும் இல்லை என்பதுதான் குறை. முட்டை, பால், பயறு, கீரை, பழம் ஆகியவற்றில் இரண்டு சேர்ந்தால் அதே ரொட்டி நல்ல உணவு. தேங்காய்ப்பூவும் வெங்காயமும் கறிவேப்பிலையும் போட்டுச் சுட்டால் இன்னும் நல்லது. தேங்காய் ஒன்று 200 ரூபாயைத் தொட்ட அண்மைக்காலத்தில் தேங்காய்ப்பூவும் ரொட்டியிலிருந்து நழுவியது. இலங்கையர் ஆளுக்கு ஆண்டொன்றுக்கு நூறு தேங்காய்க்கு மேல் செலவிடுகிறார்கள் என்ற சராசரிக் கணக்கு, தென்னை உள்ள கொல்லைகளைச் சேர்த்துப் போட்டது.

முழுப்பொருள்வாதிகள் பார்க்க விரும்பாத இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1973இல் தொடங்கிய திரிபோஷா சோளமும் சோயாவும் விற்றமினும் சேர்த்து ஆலையில் செய்யப்படும் மா. கர்ப்பிணிகளுக்கும் எடை குறைந்த பிள்ளைகளுக்கும் இலவசமாகக் கொடுக்கிறார்கள். இலங்கையில் பிள்ளைகளைப் பசியிலிருந்து காத்த பொருட்களில் இதற்கு மதிப்பான இடமுண்டு. 2022இல் தகுந்த சோளம் கிடைக்காமல் உற்பத்தி தடைப்பட்டபோது முதலில் துடித்தவர்கள் லயத்துத் தாய்மாரும் அவர்களைப் போன்றவர்களும்தான். ஆலை உணவெல்லாம் நஞ்சு என்கிறவர் ஒருமுறை தாய்சேய் நல நிலையத்தின் வாசலில் நின்று பார்க்கட்டும்.

பழஞ்சோறு பற்றி ஒரு சிறு விலகல். 2015இல் கொழும்பு இரசாயன விஞ்ஞானக் கல்லூரியின் மாணவர் சுதைர் ஜேம்சும் அவருடைய ஆசிரியர் புஷ்பராஜா தவராஜாவும் அமெரிக்க இரசாயனச் சங்கக் கூட்டத்தில் ஒரு சோதனையை விளக்கினார்கள். கொதிநீரில் அரிசியின் எடையில் 3 வீதம் தேங்காயெண்ணெய் விட்டுச் சோறாக்கி, 12 மணி நேரம் குளிரூட்டியில் வைத்தால், குடலில் எளிதில் செரிக்காத மாப்பொருள் ஒரு வகை அரிசியில் பத்து மடங்கு கூடுகிறது என்பது அவர்கள் கண்டது. உலகப் பத்திரிகைகள் ‘பாதிக் கலோரிச் சோறு’ என்று எழுதித் தள்ளின. ஆய்வுகூட அளவை அது. மனிதரிடம் செய்த சோதனையில்லை, பாதி என்பது ஊகம். நீரிழிவு பெருகிவரும் நாட்டில் இதைத் தொடர்ந்து பார்ப்பது பயனுள்ளது. ஆறிய சோற்றுக்கு ஒரு குணம் உண்டு என்பதை மட்டும் இப்போதைக்கு வைத்துக்கொள்ளலாம். மலையகத்திலும் கிராமத்திலும் பழஞ்சோற்றைக் கரைத்து, சின்ன வெங்காயமும் பச்சைமிளகாயும் தயிரும் சேர்த்துக் குடிக்கும் வழக்கம் ஆய்வு வருவதற்குக் காத்திருக்கவில்லை.

நேரத்துக்கு விலை உண்டு என்பதைக் காட்டும் ஓர் இடம் மாத்தளை நகரத்துக்கு வடக்கே அலுவிகாரையில் இருக்கிறது. பௌத்த மறை முதன்முதலில் ஏட்டில் எழுதப்பட்ட தலமாக அந்த ஊர் புகழ்பெற்றது. பத்திக் கலையில் பேர்பெற்ற ஈனா டி சில்வா (1922–2015) தன் பூர்வீக ஊரான அங்கே திரும்பி, மாத்தளை மரபுரிமை மையத்தை அமைத்து ஊர்ப் பெண்களுக்கு வேலை கொடுத்தார். துணி, தச்சு, பித்தளை வேலைகளோடு அங்கே ஒரு சமையற்கூடமும் உருவானது. முன்பதிவு செய்து வரும் விருந்தினருக்கு இருபதுக்கு மேற்பட்ட கறிகளோடு சோறு. வாழைப்பூ, பலாக்கொட்டை, அம்பரலங்காய், கீரை என்று எல்லாம் அக்கம்பக்கத்துக் கொல்லைச் சரக்கு. அதைச் சமைக்கும் கைகளுக்குத் தெரிந்தது, மாவட்டத்தில் ஆயிரம் கைகளுக்குத் தெரியும். வித்தியாசம், அங்கே சமையலுக்குச் சம்பளம் உண்டு, ஒரு சட்டிக்கு ஒரு ஆள் உண்டு. விவசாயத் திணைக்களத்தின் ஹெல போஜுன் கடைகளிலும் பெண்கள் உள்ளூர்த் தானியத்திலும் கிழங்கிலும் பலகாரம் செய்து விற்று வருமானம் பெறுகிறார்கள். அதே சமையலை வீட்டில் செய்யச் சொல்லும்போது மட்டும் அது கூலியில்லாத வேலை. கொழுந்துக்கூடையை இறக்கிவிட்டு மாலையில் வீடு திரும்பும் பெண்ணிடம் போலோஸ் சமைக்கச் சொல்வது, இன்னொரு பேர், அதாவது இன்னொரு நாள் வேலை, போடச் சொல்வதற்குச் சமம்.

விறகையும் கணக்கில் எடுக்க வேண்டும். 2012 தொகைமதிப்பில் நாட்டின் குடும்பங்களில் நாலில் மூன்று பங்குக்கு மேல் விறகில் சமைத்தன. மண்சட்டியும் தணலும் கறிக்கு ருசி தரும். புகை நுரையீரலுக்கு நோய் தரும். கொல்லையில் கிளிரிசிடியா உள்ளவர் காய்ந்த கம்பைத் தெரிந்தெடுத்து, புகைபோக்கி வைத்த குசினியில் எரிக்கிறார். லயத்தில் தேயிலைச் செடியைக் கவாத்து வெட்டிய மிலார் குச்சியும் ஈரக் கட்டையும், புகை போக வழியில்லாத காம்பராவும்.

2021க்கும் 2022க்கும் இடையிலான பொருளாதார நெருக்கடியில் நடந்தவை இவையனைத்தையும் ஒருசேரச் சோதித்தன. 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதி தடையானது. நவம்பரில் தடை விலகுவதற்குள் வயலும் தோட்டமும் அடிவாங்கிவிட்டன. வீட்டு எரிவாயு கிடைக்கவில்லை. கிடைத்தபோது 2022 ஏப்ரலில் 12.5 கிலோ சிலிண்டர் 4,860 ரூபாய். கொழும்பு உணவுப் பணவீக்கம் செப்டெம்பரில் 94.9 வீதம். கோதுமை மா விலை ஒரே ஆண்டில் மும்மடங்கைத் தாண்டிக் கிலோ 400 ரூபாயை எட்டியது. தோட்டத் தொழிலாளியின் நாட்கூலி அப்போது 1,000 ரூபாய்: இரண்டரைக் கிலோ மாவு. 63 இலட்சம் பேர் உணவுப் பாதுகாப்பின்றி இருப்பதாக உலக உணவுத் திட்டம் மதிப்பிட்டது. நாடு பலாவுக்கும் மரவள்ளிக்கும் விறகடுப்புக்கும் திரும்பியது. அந்த ஆண்டு யூனில் அரச ஊழியர் வீட்டுத்தோட்டம் செய்வதற்காக வெள்ளிக்கிழமைகளில் விடுமுறை என்று அரசாங்கம் அறிவித்தது. நிலமும் மாதச் சம்பளமும் உள்ளவருக்கு ஓய்வு நாள் கிடைத்தது. நாட்கூலிக்கு மலை ஏறுகிறவருக்கு வெள்ளிக்கிழமையும் இல்லை, நிலமும் இல்லை. லயத்து வாசலில் சாக்கிலும் உடைந்த வாளியிலும் மிளகாயும் கீரையும் நட்டவர்கள் பலர். அதுவே முடிந்தது.

ஆக, மாத்தளையைப் பொறுத்தவரை முழுப்பொருள் சமையலுக்கு அறிவு பெரிய தடையில்லை. ருசியும் தடையில்லை. வீட்டைச் சுற்றி எவ்வளவு மண், சமைப்பவருக்கு எவ்வளவு நேரம் என்பதே கேள்வி. நேரத்தைக் கூலியும் குடும்பத்து ஆண்களின் கையும் சேர்ந்துதான் தர முடியும். 2024இல் 1,350 ரூபாயாக இருந்த நாட்கூலி அதற்குப் போதவில்லை. ஆண்கள் ரொட்டி தட்டக் கற்றுக்கொள்ளச் சட்டம் எதுவும் வேண்டியதில்லை.

மண்ணின் கணக்கு இன்னும் எளிது. லயத்துக்குப் பதிலாகத் தனிவீடு கட்டும் திட்டங்களில் அண்மைக் காலத்தில் வழங்கப்பட்டது 7 பேர்ச் காணி. ஒரு பேர்ச் 25 சதுரமீட்டர்ச் சொச்சம். ஆக 177 சதுரமீட்டர். அதில் 550 சதுர அடி வீடு 51 சதுரமீட்டரை எடுத்துக்கொள்ளும். மலசலகூடமும் பாதையும் போக எஞ்சுவது நூறு சதுரமீட்டர் அளவில். முற்றிய ஒரு பலாமரத்தின் நிழலே அதில் பெரும்பகுதியை மூடிவிடும். கவாத்துப் பண்ணி வைத்தால் ஒரு பலா, வேலியில் முருங்கையும் அகத்தியும் கிளிரிசிடியாவில் ஏற்றிய இரண்டு மிளகுக்கொடியும், ஓரத்தில் கறிவேப்பிலை, ரம்பை, மரவள்ளி, நாலு கோழி. இவ்வளவுக்குத்தான் இடம். ஆனால் இவ்வளவே வந்தாலும் ரொட்டியின் பக்கத்தில் தினமும் கீரையோ முட்டையோ இருக்கும். பலா காய்க்க ஆறேழு வருடமாகும் என்பதால், நாளைக்கு வெளியேறச் சொல்லிவிடுவார்களோ என்ற பயம் உள்ளவர் அதை நட மாட்டார். உறுதிப்பத்திரம் கையில் வேண்டும்.

மலையக மக்கள் வந்து 200 ஆண்டு ஆனதையொட்டி 2023 யூலை இறுதியில் தலைமன்னாரிலிருந்து தொடங்கிய நடைபயணம், முன்னோர் வந்த வழியிலேயே வந்து ஓகஸ்ட் 12இல் மாத்தளையில் முடிந்தது. நடந்தவர்கள் முன்வைத்த கோரிக்கைகளில் வீட்டுக்கும் பயிருக்குமான காணி உரிமை முக்கியமானது. அதை அரசியல் கோரிக்கை என்று மட்டும் எடுத்துவைக்காமல், போஷாக்குத் திட்டங்களை வகுக்கும் சுகாதார அதிகாரிகளும் தங்கள் கோப்பில் முதல் பக்கத்தில் சேர்த்துக்கொள்ள வேண்டும். தோட்டப்பகுதியில் அடுத்த சத்துணவு வகுப்பை நடத்துவதற்கு முன், வந்திருக்கும் தாய்மாரில் எத்தனை பேருக்கு ஒரு கறிவேப்பிலைக் கன்றை உறுதியாக நட இடமுண்டு என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.